மழை பெய்யும்போது வற்றிய ஓடை

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். செயற்கைக்கோள் படத்தை எப்படித் தரவிறக்குவது, எந்த மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதில் நீங்கள்தான் எனக்குப் பாடம் எடுக்க வேண்டும். ஓய்வு பெற்ற வாரத்தில்கூட என் கணினியில் எதையோ அழுத்திவிட்டு, படம் எங்கே போனது என்று அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். எனக்குத் தெரிந்தது வேறு. படம் கையில் இருக்கும். அது சொல்வது என்னவென்று உறுதியாகத் தெரியாது. அதே நேரத்தில் தொலைபேசியின் மறுமுனையில் ஒருவர், ‘சரிங்க மேடம், இப்ப நான் என்ன செய்யட்டும்?’ என்று காத்திருப்பார். அப்படி ஒரு இடத்தில் நான் மாட்டிக்கொண்டு முழித்த கதைதான் இது.

அதைச் சொல்வதற்கு முன்னால், எங்கள் அலுவலகம் ஊர் சிரிக்கப் பெயர் வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் பிடிபடாது.

தேனியில் எங்கள் அறை சிறியது. மாவட்டத்தின் ஆறு, கண்மாய், ஓடைகளில் எங்கே எவ்வளவு நீர் இருக்கிறது என்று படங்களைப் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அங்கே தனசேகர் என்று ஒரு பொறியாளர் வந்து சேர்ந்தார். சென்னைக்காரர். கெட்டிக்காரர். போன வார ரேடார் படத்தையும் இந்த வாரப் படத்தையும் ஒப்பிட்டு, புதிதாகத் தண்ணீர் நிற்கும் இடத்தையெல்லாம் வெள்ளம் என்று தானாகவே குறித்துக் கொடுக்கும் நிரல் ஒன்றை எழுதினார். எல்லாரும் கைதட்டினோம். அந்த ஆண்டு முதல்போக நெல்லுக்கு லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீர் திறந்ததும், கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வயலில் தண்ணீர் கட்டி, சேறு கலக்கித் தொழி அடித்து, நடவு ஆரம்பித்தார்கள். தனசேகரின் நிரல் அத்தனை வயலையும் வெள்ளம் என்று நீலம் பூசி, அறிக்கையை வட்டாட்சியருக்கு அனுப்பிவிட்டது.

நான் அன்றைக்கு விடுப்பில் காமயகவுண்டன்பட்டியில் இருந்தேன். எங்கள் வயலில் நடவு. வெள்ளத்தில் மூழ்கிப்போனதாக எங்கள் அலுவலகம் சொன்ன அதே வரப்பில் நின்று சொம்பில் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது வட்டாட்சியர் என்னை அழைத்தார்.

“மேடம், உங்க வெள்ளத்துக்குள்ள பொம்பளையாளுக நின்னு நாத்து நட்டுக்கிட்டு இருக்காக. படகு அனுப்பட்டுமா, இல்ல டீயும் வடையும் அனுப்பட்டுமா?”

அந்த மனிதருக்கு வாய் அப்படி. ஒரு வருடம் ஆகியும் எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும், “நடவு முடிஞ்சுதா மேடம்?” என்றுதான் விசாரிப்பார். எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? ரேடாருக்கு நடவு தெரியாது, முதல்போகம் தெரியாது. அது தெரிந்தவர்கள் நாம்தான் அதற்குச் சொல்லித் தர வேண்டும்.

தனசேகர் பாவம், நொந்துபோய்விட்டார். அதன்பிறகு படத்தில் சந்தேகத்துக்கு இடமான எதையும் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தார். நடவுக் காலத்தில் நெல் வயல்களை மறைத்தார். மலைநிழல்களையும் மறைத்தார். மலைநிழலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரேடார் வானிலிருந்து சாய்வாக அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. அமைதியான நீர்ப்பரப்பு அலையை வேறு பக்கம் தள்ளிவிடும். ஒன்றும் திரும்பி வராது. படத்தில் கறுப்பு. மலைக்குப் பின்னால் அலையே போய்ச் சேராது. அங்கிருந்தும் ஒன்றும் திரும்பாது. அதுவும் கறுப்பு. நம் ஊரைச் சுற்றி மலை. அதனால் பள்ளத்துக்குப் பள்ளம் ஏரி இருப்பதுபோல் படம் பொய் சொல்லும். அந்தப் பொய்யை அழிக்கத்தான் எல்லாரும் நிழல் மறைப்பு போடுகிறோம். தனசேகர் கொஞ்சம் தாராளமாகவே போட்டார். ஒருமுறை சிரிப்புக்கு ஆளான யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

என் அக்கா பஞ்சவர்ணத்தை வருசநாட்டுப் பக்கம் ஒரு மலையடிவாரக் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். ஊருக்கு மேலே மலையிலிருந்து ஓர் ஓடை இறங்கி, கீழத்தெருவை ஒட்டிப் போகும். அந்தத் தெருவில்தான் அக்கா வீடு. ஐப்பசி மழை அந்த வருடம் விடாமல் அடித்தது. ஓடை கரைமுட்ட ஓடியது. தினமும் காலையில் நான் அக்காவை அழைத்து விசாரிப்பேன். அன்று அவளே அழைத்தாள். குரலில் சிரிப்பு.

“ஏ மல்லிகா, இனிப் பயமில்லடி. ஓடையில தண்ணி வடிஞ்சுபோச்சு. நேத்து நம்ம வாசப்படி வரைக்கும் ஏறி வந்துச்சுல்ல, இப்பப் பாத்தா பாறையெல்லாம் தெரியுது.”

“மழை விட்டுருச்சாக்கா?”

“எங்கன விட்டுச்சு? வெளுத்து வாங்குது. மலையே கண்ணுக்குத் தெரியல. ஆனா ஓடை அடங்கிருச்சு. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. பொங்கல் வைக்கணும்னு மச்சான் சொல்லிக்கிட்டு இருக்காக.”

“நல்லதாப் போச்சுக்கா” என்று நானும் சொன்னேன். மனதிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. போனை வைத்துவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்தேன். ரெண்டு மடக்குதான் குடித்திருப்பேன். அவள் சொன்னதை மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மழை விடவில்லை. மலையே தெரியாத அளவுக்குக் கொட்டுகிறது. ஓடை வற்றிவிட்டது. மூன்றும் ஒன்றாக எப்படி நடக்கும்?

தேநீரை அப்படியே வைத்துவிட்டுத் தனசேகரின் மேசைக்குப் போனேன். விடியற்காலையில் எடுத்த ரேடார் படம் அப்போதுதான் வந்திருந்தது. அதிலிருந்து அவர் வரைபடம் தயாரித்து முடித்திருந்தார். வருசநாட்டுப் பக்கம் மலை முழுக்கச் சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு நீலம் இல்லை.

“மேல ஒண்ணும் இல்ல மேடம்” என்றார்.

“மறைப்பை எடுங்க.”

“எடுத்தா எல்லாப் பள்ளமும் ஏரி மாதிரி தெரியும் மேடம். மறுபடி அந்த நடவு கதை ஆயிடும்.”

“ஆகட்டும், எடுங்க.” கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். என் கோபத்தைப் பற்றி உங்களுக்கு அறையில் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும்.

அவர் எடுத்தார். அவர் சொன்னது சரிதான். மலையெங்கும் கறுப்புத் திட்டுகள். எதை நீர் என்பது, எதை நிழல் என்பது? அதே பாதையில், அதே கோணத்திலிருந்து, மழைக்கு முன்னால் எடுத்த படத்தைப் பக்கத்தில் திறக்கச் சொன்னேன். மலையும் மாறாது, பார்க்கும் கோணமும் மாறாது என்றால் நிழலும் மாறக் கூடாது. ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்தோம். எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. அக்காவின் ஊருக்கு மேலே உள்ள பள்ளம் வந்தது. பழைய படத்தில் அங்கே ஒரு பக்கச் சரிவில் மட்டும் கறுப்பு. புதிய படத்தில் பள்ளம் அகலம் முழுக்கக் கறுப்பு. மேல்நோக்கி நீண்டும் இருந்தது. கீழ்முனை மட்டும் குறுக்கே கோடு போட்டதுபோல் சட்டென்று நின்றது. அந்த முனையை ஒட்டிய சரிவில் காடு இருந்த இடம் வேறு மாதிரித் தெரிந்தது.

தனசேகர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “மேடம், மலை சரிஞ்சு ஓடையை மறிச்சுட்டுதா?”

“தெரியல.”

உண்மையாகவே தெரியவில்லை. சிறிய பள்ளம். படத்தில் கொஞ்சம் புள்ளிகள்தான். நல்ல மழையில் ரேடார் படம் சில நேரம் ஏமாற்றும். அடுத்த படம் வர நாளாகும். சாதாரணப் படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு மேகத்துக்குள் கண் தெரியாது. ட்ரோன் அந்த மழையில் பறக்காது. காட்டுப் பாதையில் ஆளை அனுப்பினால், போகிறவர் உயிருக்கு யார் பொறுப்பு? நமக்கு எப்போதும் இன்னும் ஒரு படம் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். அன்றைக்கு அந்த இன்னொரு படம் கிடையாது.

கை தானாகப் போனை எடுத்தது. கடைசியாகப் பேசிய அக்காவின் பெயர்தான் மேலே இருந்தது. அவளை அழைத்து, ‘மச்சானையும் கூட்டிக்கிட்டு இப்பவே மேட்டுக்குக் கெளம்பு’ என்று சொல்லிவிட்டால் போதும். அதற்கு எந்த அறிக்கையும் வேண்டாம், யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டாம். தப்பாகப் போனால் ரெண்டு பேரும் என்னை நாலு வார்த்தை ஏசுவார்கள், தீர்ந்தது. ஊர் முழுக்கக் கிளப்பச் சொல்லி அதுவும் தப்பாகப் போனால் எங்கள் அறையின் பேச்சை இனி யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அடுத்த முறை நிஜமாகவே வெள்ளம் வந்தாலும் நடவு என்றுதான் சிரிப்பார்கள். இந்தக் கணக்கெல்லாம் என் மனதில் ஓடியது. மறைக்க என்ன இருக்கிறது? யாராக இருந்தாலும் ஓடும்.

அப்படி நின்றுகொண்டிருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் படத்தை நம்பி என் அக்காவை வீட்டை விட்டுக் கிளப்பத் துணிகிறேன். அவள் பக்கத்து வீட்டுக்காரரைக் கிளப்பத் தயங்குகிறேன். படம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே? அக்காவுக்குப் போதுமான உறுதி, தெருவுக்கு மட்டும் எப்படிப் போதாமல் போகும்?

அக்காவின் பெயரைத் தாண்டி வட்டாட்சியரை அழைத்தேன். படகு அனுப்பவா என்று கேட்ட அதே மனிதர்தான். மாற்றலாகி அப்போது வருசநாட்டுப் பக்கம் வந்திருந்தார். ஜீப்பில் இருந்தார். கூரையில் மழை விழும் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினார்.

“என்ன மேடம், மறுபடியும் நடவா?”

“இல்ல சார். இது கொஞ்சம் பெரிய விசயம்.” பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன்.

“உறுதியாச் சொல்றீங்களா?”

“உறுதியாச் சொல்ல முடியாது சார். தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். மேல மழை நிக்கல, ஆனா கீழ ஓடை வத்திருச்சு. ஊருக்கு மேல பள்ளத்துல போன படத்துல இல்லாத கறுப்பு ஒண்ணு இருக்கு. அது தண்ணியா இருக்கலாம். இருந்தா, எவ்வளவு தண்ணி, எப்ப ஒடையும், அதெல்லாம் தெரியாது.”

“இருக்கலாம்னு சொன்னா ஒரு தெருவை எப்படி மேடம் காலி பண்றது? அங்கன நேத்துக் கூப்பிட்டப்பயே வரமாட்டேன்னாக. இன்னைக்குத் தண்ணி வடிஞ்சிருக்கு. என்னைப் பாத்துச் சிரிக்க மாட்டாகளா?”

“சிரிப்பாக சார். எங்க அக்கா அந்தத் தெருவுலதான் இருக்கா. உங்ககிட்டப் பேசி முடிச்சதும் அவளைக் கெளப்பப் போறேன்.”

மறுமுனையில் அவர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னது காதில் விழுந்தது.

“உங்க அக்காவைக் கெளப்புறீங்களா?”

“ஆமா சார்.”

“அப்பச் சரி. எழுத்துல ஒண்ணு மாவட்டத்துக்கு அனுப்பிருங்க. நான் அங்கன போறேன்.”

இவ்வளவுதான். கேலி இல்லை, வியாக்கியானம் இல்லை. அதுவரை அந்த மனிதர் மேல் இருந்த எரிச்சல் எல்லாம் எனக்கு அந்த ஒரு நொடியில் போய்விட்டது. தனசேகர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெரிந்தது இது, தெரியாதது இது என்று தனித்தனியாக எழுதி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பினார். அதன்பிறகுதான் அக்காவை அழைத்து, மேட்டுக்குக் கிளம்பச் சொன்னேன்.

“என்னடி பேசுற? தண்ணி ஏறுனப்ப வீட்டுல இருந்தோம். எறங்குன பெறகு ஓடணுமா? மச்சான்கிட்டச் சொன்னா என்னைக் கிறுக்கச்சிம்பாக.”

நிழல், ரேடார் என்று விளக்க ஆரம்பித்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “நீ இருக்கிறது தேனியில. ஓடை என் வாசல்ல இருக்கு. நான் பாத்துச் சொல்றதா, நீ படம் பாத்துச் சொல்றதா?” என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அப்புறம் ஏனோ எங்கள் வயல் ஞாபகம் வந்தது.

“அக்கா, வாய்க்கால்ல எல்லாருக்கும் தண்ணி ஓடுது. நம்ம வயலுக்கு மட்டும் திடீர்னு நின்னுபோச்சுன்னா நீ என்ன செய்வ?”

“மம்பட்டியத் தூக்கிக்கிட்டு மேல போவேன். எவனோ மடையை அடைச்சிருப்பான்.”

“மலை அடைச்சிருக்குக்கா.”

வயல்வேலை செய்கிற யாருக்கும் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அடைத்த மடைக்கு மேலே தண்ணீர் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். “மாட்டை அவுக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அன்று பகல் முழுக்க நாங்கள் தேனியில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். வட்டாட்சியர் கீழத்தெருவில் போய் நின்றிருக்கிறார். குடை இல்லை. ஆட்கள் வீட்டு வாசலில் நின்று அவரை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அக்காதான் வட்டாட்சியரிடம் போய், மடை அடைத்த கதையைச் சொன்னாளாம். அதை அவர் மைக்கில் சொல்லியிருக்கிறார். மழை பெய்கிறதே, அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று, போய் ஓடையைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஆட்கள் ஓடையைப் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு வீடாகக் கிளம்ப ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் தெரு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது.

நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. இப்போது வேறு பயம் பிடித்தது. அக்கா பத்திரமாகிவிட்டாள் என்றதும், நாம் சொன்னது பொய்யாகிவிடுமோ என்ற பயம். மனித மனம் இவ்வளவுதான். வெள்ளம் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை, சத்தியம். ஆனால் வராவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். உங்களுக்கும் இது வரும். வந்தால் வெட்கப்பட வேண்டாம். அந்த யோசனையை வைத்து முடிவு எடுக்காமல் இருந்தால் போதும்.

மறுநாள் காலையில் வட்டாட்சியர் அழைத்தார். குரல் கம்மியிருந்தது.

“மேடம், மழை கொறஞ்சிருச்சு. ஒண்ணும் வரல. ஆளுக கோவிக்கிறாக. ஆட்டுக்குத் தழை போடணும், கோழி தெறந்து கெடக்குதுன்னு ஒவ்வொருத்தராக் கெளம்புறாக. நான் எவ்வளவு நேரம் பிடிச்சு வைக்கிறது?”

தனசேகர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புதிய படம் எதுவும் வரவில்லை. என்னிடம் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. போகட்டும் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“சார், ஓடை எப்படி இருக்கு?”

“அப்படியேதான். சொட்டு சொட்டா ஓடுது.”

“அப்ப இன்னும் அடைச்சுத்தான் இருக்கு சார். தண்ணி திரும்ப ஓட ஆரம்பிச்சு, அதுவும் தெளிவா, மெதுவா ஓடுனா அனுப்பலாம். அதுவரைக்கும் பிடிச்சு வைங்க. என் பேரைச் சொல்லித் திட்டச் சொல்லுங்க.”

“ஏற்கெனவே அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்காக” என்றார். போன் வைக்கும் முன் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. எடுத்தால் பேச்சு இல்லை. ஒரே இரைச்சல். லாரி கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம், நிற்காமல். பின்னால் பெண்கள் கத்துவது கேட்டது. “அக்கா, அக்கா” என்று நான் கத்த, அறையில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ தெரியாது. பிறகு அவள் குரல் வந்தது.

“வந்துருச்சுடி. மரம், பாறை எல்லாம் சேந்து வந்துருச்சு. தெருவைக் காணோம் மல்லிகா.”

“மச்சான் எங்கக்கா?”

“இந்தா, பக்கத்துலதான் ஒக்காந்து அழுதுக்கிட்டு இருக்காக.”

மச்சான் அழுகிறார் என்று கேட்டு நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். வட்டாட்சியர் பள்ளிக்கூடத்தில் வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கீழத்தெருவில் யாரும் குறையவில்லை. கிளம்பிய சிலரையும் பள்ளிக்கூடக் கேட்டில் மறித்து நிறுத்தி வைத்திருந்தார். அவர் அந்தத் தகவலைச் சொல்ல அழைத்தபோது, “எல்லாரும் இருக்காக மேடம், எல்லாரும் இருக்காக” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு எதுவும் அவரால் பேச முடியவில்லை. தனசேகர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். என் வேலைக் காலம் முழுவதிலும் எனக்கு எத்தனையோ பாராட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அந்த ஒரு வார்த்தை கொடுத்த ஆறுதலுக்கு அவையெல்லாம் உறைபோடக் காணாது.

சில நாட்கள் கழித்து அடுத்த படம் வந்தது. மேகமில்லாத படமும் கிடைத்தது. சரிவு பெயர்ந்து பள்ளத்தை அடைத்ததும், அடைப்பு பிய்த்துக்கொண்டு போனதும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. தனசேகர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மறைப்பால் ஒரு தெருச் சனமே போயிருக்கும் என்று அவருக்கு வருத்தம். நிழலை மறைத்தது தப்பில்லை, நாளைக்கும் மறைக்கத்தான் வேண்டும் என்றேன். ஒரு இடத்துக்கு நிழல் என்று பெயர் வைத்த பிறகு அதைத் திரும்பியே பார்க்காமல் இருந்ததுதான் ஆபத்து. அதன்பிறகு மழைக்காலத்தில் மறைப்புப் போட்ட படத்தையும் போடாத படத்தையும் சேர்த்தே பார்ப்பது எங்கள் அறையில் வழக்கமானது. அதை ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். சந்தேகம் வரும்போதெல்லாம், “அந்தத் தெருவுல உங்க அக்கா இருந்தா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் அதற்கு ‘அக்கா கேள்வி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பாதை சரியானதும் நான் அக்காவைப் பார்க்கப் போனேன். ஊர்க்காரர் ஒருவர் தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார். அக்கா வீட்டில் முன்சுவர் மட்டும் நின்றது. அடுப்படி இருந்த இடத்தில் பாறை கிடந்தது. மாடு நன்றாக இருந்தது. அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முகம் சரியில்லை.

“ஆபீசர் சொன்னாக. என்னைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி அவுகளைத்தான் கூப்பிட்டியாமே?”

இதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. கூடப் பிறந்தவளுக்கு முதலில் சொல்லாமல் ஊருக்குச் சொன்னேன். அந்த நேரத்துக்குள் அடைப்பு உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அலுவலகத்தில் எனக்குச் சரியாகத் தோன்றிய நியாயம் எதுவும் அக்கா முகத்துக்கு நேராக வாயில் வரவில்லை. “மன்னிச்சுக்கக்கா” என்றேன்.

அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.

“எதுக்குடி மன்னிப்பு? நீ சொன்னது எனக்கு வெளங்குச்சு. மாட்டை அவுத்துக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கேன், மச்சான் கட்டில்ல இருந்து எந்திரிக்க மாட்டேன்னுட்டாக. அவுகளை விட்டுட்டு நான் எங்கிட்டுப் போக? தெருவே கெளம்புது, நாம மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்னுதான் அவுகளும் கெளம்புனாக. நீ எனக்கு மட்டும் சொல்லியிருந்தேன்னா, நாங்க ரெண்டு பேரும் அங்கனயேதான்டி இருந்திருப்போம்.”